கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் எத்தனை கை

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் டிரைவர் முதலில் தேடுவது தண்ணீர்க் கேனைத்தான். வண்டியின் அடிவயிற்றில், டயர்களுக்கு நடுவே ஒரு தகரப் பெட்டி தொங்கும். அதன் கதவைக் கீழ்ப்பக்கமாகத் திறந்துவிட்டால் அதுவே பலகை. உள்ளே ஸ்டவ், அரிசி, வெங்காயம், மிளகாய்த்தூள் டப்பா. ஒருநாள் சாயங்காலம் ஒருவர் அந்தப் பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சோறு வடித்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளிக் கருங்கல் தடுப்பில் கடல் மோதிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே நாற்பதடி கன்டெய்னர். உள்ளே என்ன சரக்கு என்று கேட்டேன். “சீல் போட்டது சார், நமக்கு என்ன தெரியும்? பேப்பர்ல பார்ட்ஸுன்னு போட்ருக்கான்” என்றார்.

அந்தப் பதில் வெகுநாள் என்னை விடவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே நீளும் இந்தக் கரை முந்நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகச் சரக்கை நம்பிப் பிழைத்த கரை. மூட்டையைத் தலையில் ஏற்றியவனுக்கு அதன் கனம் தெரியும், மணம் தெரியும், நனைந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கொண்டுபோகிறவனுக்கே சரக்கு இன்னதென்று தெரியாமல் போனது இந்த நாற்பது ஆண்டுக்குள்தான். வடசென்னை என்றால் சினிமாவுக்குக் கேரம் போர்டு, குத்துச்சண்டை, கத்தி, மிஞ்சினால் கானா. அந்தத் தெருக்களில் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று கேமரா அவ்வளவாகக் கேட்டதில்லை. கேட்கிறவர்களுக்கு மூன்றே மூன்று கேள்விகள் போதும் என்று எனக்குப் படுகிறது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் எத்தனை பேர் கை சரக்கின்மேல் பட்டது? அந்தக் கைக்கு என்ன கூலி? கை வேண்டாம் என்று ஆனபோது அந்தக் கைக்காரர்கள் எங்கே போனார்கள்?

மதராஸ், துறைமுகம் இல்லாமலே துறைமுக நகரமான ஊர். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் இடம் வாங்கியபோது இங்கே ஒதுங்க ஒரு குடா கிடையாது; கப்பல் நுழையும்படி ஓர் ஆற்று வாயும் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில், அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வர ஒரே வழி மசூலா படகு. பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்காமல் தென்னை நார்க்கயிற்றால் தைத்த படகு அது. அலை அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். கடிதம் கொண்டுபோக இன்னும் சின்ன ஏற்பாடு: கட்டுமரத்துக்காரர் கூம்புத் தொப்பிக்குள் காகிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு அலைக்குள் பாய்வார்.

வந்திறங்கிய வெள்ளைக்காரர்களின் பயணக் குறிப்புகளில் ஒரு புலம்பல் திரும்பத் திரும்ப வரும். பாதி அலையில் படகோட்டிகள் துடுப்பை நிறுத்திவிட்டு, பேசிய கூலிக்கு மேலே கேட்பார்களாம். அவர்களுக்கு அது அடாவடி. எனக்கு அது இந்த நகரத்தின் முதல் கூட்டு பேரமாகத் தெரிகிறது. எழுத்தும் இல்லை, சங்கமும் இல்லை. ஆனால் தாங்கள் இல்லாமல் கப்பல் கரையைத் தொடாது என்று தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

அந்தக் கைகளின் சம்பாத்தியம் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. ராயபுரத்தில் 1829-ல் எழுந்த ராயப்பர் கோயில் படகோட்டிச் சமூகத்தார் கட்டியது. பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் ராயப்பர், அவரும் படகுக்காரர். ஊருக்கும் அவர் பெயரே நின்றுவிட்டது. அதே ராயபுரத்திலிருந்துதான் 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பியது. உள்நாட்டுச் சரக்கு வந்து இறங்கும் இடமும் கடல் கூலி வந்து சேரும் இடமும் சில தெருக்கள் தள்ளித் தள்ளி இருந்தன. சென்ட்ரல் நிலையம் வந்த பிறகு ராயபுரத்தின் முதல் மரியாதை மெல்ல இறங்கியது. அந்தப் பழைய நிலையத்தின் உயரமான தூண்களைப் பார்த்தால், ஒரு காலத்தில் நகரத்தின் முன்வாசல் இந்தப் பக்கம்தான் இருந்தது என்று நம்ப முடியும்.

இனி கதை மணல் பக்கம் திரும்புகிறது. 1861-ல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலத்தை நீட்டிப் பார்த்தார்கள். அது போதவில்லை. 1876-ல் வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி இரண்டு கைகளை வளைத்து நீட்டியதுபோலக் கடலுக்குள் கல் சுவர்கள் எழும்பின. முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் சுவரைப் பெயர்த்தெடுத்தது. மறுபடி கட்டி முடிக்க நூற்றாண்டின் கடைசி வரை ஆனது. கிழக்கு பார்த்து வைத்த வாய் மணலில் தூர்ந்தது. 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை வடகிழக்காகத் திருப்பினார். (இந்த ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான் 1912-ல் முப்பது ரூபாய் சம்பளத்தில் ராமானுஜன் என்ற குமாஸ்தா கணக்கு எழுதினார். வடசென்னைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்று இருந்தால் இதை விடுவார்களா!)

சுவர் கப்பலுக்கு நல்லது செய்தது. மணலுக்குச் செய்தது வேறு. சோழமண்டலக் கரையில் மணல் ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்பார்கள். வருஷத்தின் பெரும்பகுதி தெண்டியின் ராஜ்யம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வன்னி சிறிது மணலைத் திருப்பிக் கொண்டுவரும். கணக்குத் தீர்த்துப் பார்த்தால் மணல் வடக்கே நடக்கிறது. நடுவில் கல் சுவரை வைத்தால் தெற்குப் பக்கம் மணல் வந்து குவியும். வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது. ஆனால் அலை தன் பங்கை எடுப்பதை நிறுத்தாது.

மெரினா இப்படிக் கிடைத்ததுதான். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் அன்று கடலுக்கு அருகில் இருந்தது. பனிக்கட்டி உருகுவதற்குள் உள்ளே போகவேண்டுமே. இன்று அதன் வாசலிலிருந்து அலையில் கால் நனைக்கப் போகிறவர் சாலையைக் கடந்து, சுண்டல் கடைகளைக் கடந்து, மணலில் நெடுந்தூரம் நடக்கவேண்டும். அந்த அகலத்தின் மறுபக்கம் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருக்கிறது. அங்கே குப்பங்களின் கடற்கரை போனது, பிறகு வீட்டு வரிசைகள் போயின, கட்டுமரத்தை இழுத்து வைக்கும் இடமும் வலை உலர்த்தும் இடமும் போயின. ஆண்டுக்கணக்காகக் கருங்கல் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் கல் சுவராக நீளும் தூண்டில் வளைவு கட்டினார்கள். தூண்டில் வளைவு இருக்கும் இடத்தில் கொஞ்சம் மணல் நிற்கும். அதற்கு வடக்கே இருக்கிற குப்பம் அதே கேள்வியைக் கேட்கும். தென்சென்னை மாலை நேரத்தில் காற்று வாங்கும் மணல் வடசென்னையின் வாசலிலிருந்து போனது என்று எந்தப் பட்ஜெட்டிலும் வரவு செலவு எழுதியதில்லை.

இதே பாடத்தை மேற்கு ஆப்பிரிக்காவின் கரையும் படித்திருக்கிறது. லாகோஸ் துறைமுக வாயில் 1908 வாக்கில் கல் சுவர் கட்டத் தொடங்கினார்கள். அங்கே மணல் மேற்கிலிருந்து கிழக்கே போகும். சுவரின் மேற்குப் பக்கம் கடற்கரை வளர்ந்தது. கிழக்கே விக்டோரியா தீவின் பார் பீச் ஆண்டுக்கு ஆண்டு கரைந்தது. டோகோ நாட்டின் லோமேயில் 1960-களில் ஆழ்கடல் துறைமுகம் கட்டியபோதும் கிழக்குப் பக்கத்துக் கிராமங்களுக்கு இதே கதி. கானாவின் அக்ராவில் நமது மசூலா போலவே அலைப் படகுகள் இருந்தன. கோகோ மூட்டைகள் அவற்றில்தான் கப்பலேறின. 1962-ல் டெமா துறைமுகம் திறந்தவுடன் அந்தத் துடுப்புக்காரர்களின் வேலை முடிந்தது. டெமா கட்டுவதற்காகப் பழைய மீனவ ஊரையே பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது. லாகோஸில் கடல் தின்ற நிலத்தை மணல் கொட்டி மீட்டு, முன்னால் பெரிய சுவர் எழுப்பி, ஏகோ அட்லாண்டிக் என்ற பணக்கார நகரமாக விற்கிறார்கள். நிலத்தை இழந்தவர் யாரோ, வாங்குகிறவர் வேறு யாரோ. இங்கே போன நிலம் இன்னும் யார் கைக்கும் வரவில்லை.

அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் பழைய கொடுக்கல் வாங்கலும் உண்டு. திருவொற்றியூரை ஒட்டிய காலாடிப்பேட்டையின் பெயர், 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியமர்த்திய பேட்டையிலிருந்து வந்தது. காலெட் பேட்டை நம் வாயில் காலாடியானது. துணி வெளுப்பவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. இந்தக் கரையில் நெய்த பருத்தித் துணி லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே அது அடிமைகளை வாங்கவும் விலையாகக் கொடுக்கப்பட்டது. அடிமை வணிகம் ஒழிந்த பிறகும் மதராஸ் கட்டம்போட்ட துணிக்கு நைஜர் முகத்துவாரத்தில் மவுசு குறையவில்லை. அங்குள்ள கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்பார்கள். குழந்தை பிறப்புக்கும் சாவுக்கும் அது வேண்டும். சில நூல்களை மட்டும் வெட்டி உருவி அதிலேயே புதுக் கோலம் போடுவார்கள். நெய்தவர் கைக்கும் உருவியவர் கைக்கும் நடுவே இரண்டு கடல். ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. கன்டெய்னர் டிரைவரின் அறியாமை அத்தனை புதிது அல்ல என்று யாராவது என்னை மடக்கினால் ஒப்புக்கொள்வேன். ஆனால் நெசவாளிக்குத் தன் துணியாவது தெரிந்திருந்தது.

துறைமுகம் வந்ததும் படகோட்டியின் இடத்துக்கு ஹார்பர் கூலி வந்தார். வடசென்னையில் “ஹார்பர்ல வேலை” என்ற இரண்டு சொல்லுக்கு வெகுகாலம் தனி மதிப்பு. பெண் கொடுக்கிறவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். அந்த மதிப்பு சும்மா வரவில்லை. முதலில் மேஸ்திரி கேட்டருகே நின்று, தனக்கு வேண்டியவர்களைக் கைகாட்டி எடுப்பார். மற்றவர்கள் அன்றைக்குத் திரும்பிப்போகவேண்டும். 1948-ல் வந்த துறைமுகத் தொழிலாளர் சட்டம் அந்தக் கைகாட்டலுக்கு முடிவு கட்டியது. துறைமுகத் தொழிலாளர் வாரியத்தில் பெயர் பதிந்தவருக்கு முறைப்படி வேலை. கப்பல் வராத நாளுக்கும் ஆஜர் கொடுத்தால் ஏதோ ஒரு தொகை. கப்பலின் வயிற்றுக்குள் ஒரு கும்பல், விஞ்சு பிடிக்க ஒருவர், சைகை காட்ட ஒருவர், கரையில் இன்னொரு கும்பல் என்று ஒவ்வொரு கொக்கிக்கும் அத்தனை கை. மூட்டை கிழிந்தால் சிந்தியது கோதுமையா, கந்தகமா, உரமா என்று மூக்கே சொல்லிவிடும். உடம்புக்கு அது நல்லதா என்பது வேறு கதை.

சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்த கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் பொம்மை செய்யத் தொடங்கியது எம்.ஆர்.எஃப். 1955-ல் அதே ஊரில் என்ஃபீல்டு புல்லட். எண்ணூரில் அசோக் லேலண்ட். தீப்பெட்டிக் கம்பெனியான விம்கோவின் பெயர் ரயில் நிலையத்துக்கு வந்து, 2021 பிப்ரவரியில் மெட்ரோ அங்கே போய்ச் சேர்ந்தபோது அதற்கும் ஒட்டிக்கொண்டது. மணலியில் 1969-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதையொட்டி உர ஆலை, பிறகு வரிசையாக ரசாயன ஆலைகள். இவற்றில் நிரந்தர வேலை கிடைத்த தலைமுறை வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது, மாடிப்படி ஏறி வந்து சங்கத்துக்குச் சந்தா கொடுத்தது. அடுத்த தலைமுறை அதே கேட்டுக்குள் ஒப்பந்தக்காரர் கொடுத்த அட்டையோடு நுழைகிறது. அட்டையின் நிறம் வேறு, கேன்டீன் வரிசை வேறு. இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எந்தத் தொழிற்பேட்டையிலும் பார்க்கலாம்.

ஹார்பரில் வந்த மாற்றம் அதைவிட முழுமையானது. 1983-ல் சென்னையில் திறந்தது, இந்தியாவில் கன்டெய்னருக்கென்றே அமைந்த முதல் முனையம். 2001-ல் அது தனியார் கைக்குப் போனது. கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, நாற்பதடிப் பெட்டியை நாலு மூலையில் கவ்வித் தூக்கி டிரெய்லரின் முதுகில் வைக்கிறார். சில நிமிஷ வேலை. கும்பல் கும்பலாக ஆள் இறங்கி நாள் கணக்கில் செய்ததை அது விழுங்கிவிட்டது. மிஞ்சிய கை வேலை துறைமுகத்தை விட்டு வெளியேறி, மணலி, மாதவரம் பக்கம் இருக்கும் கன்டெய்னர் கிடங்குகளுக்குப் போனது. அங்கே பெட்டியைத் திறந்து இறக்குகிறவர்கள் வாரியத்தில் பதிந்தவர்கள் அல்லர். ஒப்பந்தக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் பெயர் இருந்தால் அன்றைக்குக் கூலி. மேஸ்திரியின் கைகாட்டல் சட்டத்தால் துறைமுகத்துக்குள் ஒழிந்தது. சுவருக்கு வெளியே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

பெட்டிக்குள் என்ன என்று தெரியாமல் இருப்பதன் அர்த்தம் 2020 ஆகஸ்டில் எல்லோருக்கும் உறைத்தது. பெய்ரூட் துறைமுகம் வெடித்த செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த மணலிக்காரர்களுக்கு, தங்கள் ஊர்க் கிடங்கில் 37 கன்டெய்னர்களில் சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் 2015-லிருந்து கிடப்பது தெரியவந்தது. சுங்கத்துறை பறிமுதல் செய்து, வழக்கில் சிக்கி, அப்படியே நின்ற சரக்கு. அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஐந்து வருஷம் அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் ஷேர் ஆட்டோக்கள் போய்வந்திருக்கின்றன.

நிலக்கரியும் இரும்புத் தாதும் வேறு வழியில் நகர்ந்தன. அந்தத் தூசி வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் சாப்பாட்டுத் தட்டு வரை வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2011 அக்டோபரோடு சென்னைத் துறைமுகத்தில் அவற்றைக் கையாள்வது நின்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் கரி எங்கே போனது? இன்னும் வடக்கே, 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்துக்கு. இன்றைக்கு அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அதற்கும் வடக்கே 2013-ல் காட்டுப்பள்ளி. மணல் வடக்கே நடந்ததுபோலவே தூசியும் வடக்கே நடந்தது. எண்ணூரில் கரியை மனிதர் யாரும் தொடுவதே இல்லை. கப்பலிலிருந்து இயந்திரம் அள்ள, கன்வேயர் பெல்ட் நேராக அனல்மின் நிலையத்துக்குக் கொண்டுபோய்விடும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை குறையவே இல்லை. அது காசிமேடு.

1980-களின் நடுவில் இருந்து இயங்கும் இந்த மீன்பிடித் துறைமுகத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போவார்கள். அது தாமதம். நிஜமான காசிமேடு ராத்திரி இரண்டு மணிக்கு மேல் விழிக்கிறது. பத்து நாளோ அதற்கு மேலோ கடலில் இருந்த விசைப்படகு வந்து அணைந்ததும், அடித்தட்டிலிருந்து ஐஸோடு சேர்த்து மீனை அள்ளிக் கூடையில் போடுகிறார் ஒருவர். மேல்தட்டில் ஒருவர் வாங்குகிறார். படகுக்கும் கரைக்கும் நடுவே ஒருவர் கால் விரித்து நின்று கைமாற்றுகிறார். கரையில் வகை பிரிக்கிறார்கள்: வஞ்சிரம் தனி, சங்கரா தனி, வவ்வால் தனி, கானாங்கத்தை குவியலாக. ஏலம் சொல்பவர் குவியலைச் சுற்றி நிற்கும் முகங்களைப் பார்த்துத்தான் விலையை ஏற்றுகிறார். மீனைப் பார்ப்பது முதல் ஒரு நொடி மட்டும். ஏலம் எடுத்த பெண் மீனின் செவுளைக் கட்டை விரலால் தூக்கிப் பார்ப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று கவனித்தேன். சிவப்பாக இருந்தது. அவர் அதோடு நிற்காமல் வயிற்றை அமுக்கி, விரலை முகர்ந்து, பிறகுதான் கூடையைத் தூக்கச் சொன்னார். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் அரைபடும் சத்தத்தில் அவர் சொன்ன விலை எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டது.

ஒரு சங்கரா மீன் கடலிலிருந்து பெரம்பூர் வீட்டு அடுப்புக்குப் போவதற்குள் எத்தனை கை என்று அங்கே நின்றே எண்ணிப் பார்த்தேன். வலை இழுத்தவர், பிரித்தவர், அள்ளியவர், கைமாற்றியவர், ஏலம் சொன்னவர், எடுத்தவர், சுமந்தவர், ஐஸ் போட்டவர், ஷேர் ஆட்டோக்காரர், தெருவில் விற்றவர், அரிவாள்மனையில் செதில் சீவி வெட்டிக் கொடுத்தவர். பதினொன்றோடு விட்டுவிட்டேன். இவர்களுக்குப் பின்னால் வலை பின்னுபவர், படகு கட்டுபவர், இன்ஜின் மெக்கானிக், டீசல் போடுபவர், விடியற்காலையில் இட்லி விற்பவர். படகில் போனவர்களுக்குப் பங்கு: டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, படகு உரிமையாளரின் பங்கு போக, மிச்சத்தை ஆள் கணக்கில் பிரிப்பது. மீன் படாத பயணத்தில் எல்லோருக்கும் கை வெறுமை.

பெண்களின் முதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாதிப் பேர் தண்டல் என்பார்கள். 10,000 ரூபாய் என்று எழுதி, பிடித்தம் போகக் குறைத்துக் கையில் கொடுப்பார்கள்; தினம் நூறு ரூபாய், நூறு நாள். சைக்கிளில் வந்துகொண்டிருந்த தண்டல்காரர் இப்போது ஸ்கூட்டரில் வருகிறார். பழைய மதராஸில் தண்டல் என்றால் படகின் தலைவன். வசூல் என்ற அர்த்தத்துக்கும் இதற்கும் வேர் வேறாக இருக்கலாம். ஆனால் அதே கரையில் ஒரு சொல்லில் படகுக்காரர் இறங்கி வட்டிக்காரர் ஏறிக்கொண்டதைப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கானாவின் கரையில் மீன் விற்கும் பெண்களே படகுக்குப் பணம் போடுவார்கள். அவர்களுக்குக் கோன்கோஹெனே என்று ஒரு தலைவி உண்டு, கரையில் மீன் விலையை நிர்ணயிப்பதில் அவர் குரலுக்கு மதிப்பு. நம் கரையில் பெண்கள் மீனை விற்று வீட்டை நடத்துகிறார்கள். படகுக்குப் பணம் போடும் இடத்தில் கமிஷன் மண்டிக்காரர் இருக்கிறார். அதிகாரம் எந்தக் கையில் என்பதை இந்த ஒரு வித்தியாசம் காட்டிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. அந்த மாதங்களில் துறைமுகம் படகுப் பட்டறை ஆகிவிடும்: சுரண்டும் சத்தம், பெயின்ட் வாசனை, பலகை இடுக்கில் நூல் திணிப்பவரின் சுத்தியல். 5,000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணம் 8,000 ஆகியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு, ஒரு குடும்பத்துக்கு. மீதிக்குத் தண்டல்காரர் இருக்கிறார்.

காசிமேட்டிலிருந்து வடக்கே போகப் போகக் கைக்கு வேலை குறைந்து, பிறகு திடீரென்று விசித்திரமான ஒரு வேலை வருகிறது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் பெரிய கசிவு இல்லை என்றார்கள். எண்ணெய் தெற்கே ஒதுங்கி, திருவொற்றியூர்க் கருங்கல் தடுப்பில் கெட்டித் தாராக ஏறியது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அந்தக் குழம்பு குழாயில் ஏறவில்லை. கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் வரிசையாக நின்று வாளியில் மொண்டு கைமாற்றினார்கள். சில நாளில் எடுத்த குழம்பு நூறு டன்னைத் தாண்டியது. கப்பலிலிருந்து எண்ணெயை இறக்க ஒரு கையும் வேண்டாம். சிந்தியதை அள்ள ஆயிரம் கை வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோதும் இதேதான். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆட்கள் தங்கள் ஃபைபர் படகிலேயே போய்க் கையால் எண்ணெய் அள்ளினார்கள். படகும் வலையும் கறுத்துப் போயின. அந்த மாதம் முடிவதற்குள், 26-ம் தேதி நள்ளிரவில், கப்பலிலிருந்து எண்ணூர் உர ஆலை ஒன்றுக்குக் கடலடியில் போகும் குழாயில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடினார்கள். அந்தக் குழாய் தங்கள் ஊர்க் கடலுக்கடியில் போவது பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிறது. பக்கிங்காம் கால்வாய் குறுக்கே போகிறது. வடக்கே பழவேற்காடு ஏரி வரை உப்பங்கழியும் சதுப்பும் உப்பளமும் விரிந்து கிடந்தன. இங்கே மீன்பிடிக்கப் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்வது. போலீஸும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். இந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் 1970-ல் 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. அது 2017-ல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையம் 630, பிறகு 1,200 மெகாவாட். வல்லூர் 1,500 மெகாவாட். கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் பல இடங்களில் கசிந்து, சாம்பல் கழியில் படிந்தது. முன்பு ஆள் முங்கும் ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் அளவுதான் என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

அந்த முழங்கால் தண்ணீரில் இன்னும் கையால் இறால் பிடிக்கிறார்கள். இருளர்களுக்கு இது தலைமுறைத் தொழில். அவர்களில் பெண்கள் அதிகம். பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு குனிந்து, இரண்டு கையையும் சேற்றில் அகல விரித்துத் தரையைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. விரல் நுனியில் ஒரு துள்ளல் பட்டால் இரண்டு உள்ளங்கையும் மூடும்; தலையைச் சாய்த்துப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி தடவல். சேறு என்றால் இறால் அதில் குழி பறித்துப் பதுங்கும். சாம்பல் படிந்த தரை சிமென்ட் மாதிரி இறுகிவிடும். இறாலுக்கு அதில் இடமில்லை, விரலுக்கும் தோல் உரிகிறது. மின்நிலையத்திலிருந்து சூடான நீர் வந்து சேரும் இடத்தில் காலை வைத்தவுடனே தெரிந்துவிடும். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறார்கள்.

ஒரு முற்பகலில் அப்படி ஒரு அம்மா கரையேறி, பறியைக் கவிழ்த்துக் கொட்டினார். இறால் அரைக்கிலோ தேறும். நண்டு இரண்டு. மீன்குஞ்சு ஒன்றைத் திரும்பத் தண்ணீரில் எறிந்தார். நகக்கண்ணில் ஏறியிருந்த சாம்பலை ஒரு முள்ளால் நோண்டி எடுத்துக்கொண்டே, “நேத்து இதுல பாதிகூட இல்ல சாமி” என்றார். அவருக்குப் பின்னால் கன்வேயர் பெல்ட் கரியோடு போய்க்கொண்டிருந்தது. வியாபாரி பாலத்துக்கு மேலே தராசோடு காத்திருந்தார். வெயில் ஏறினால் இறால் வெளுத்துவிடும் என்று அந்த அம்மா பறியை உதறிக்கொண்டு வேகமாக நடந்தார்.